இடது முன் சக்கரம்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணனும் நலமா? உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நானும் குருவியும் நலம். அவளுக்கு முன் பல் இரண்டும் விழுந்துவிட்டன. அதற்காக உங்கள் மருமகள் சிரிப்பதை நிறுத்தவில்லை.

உங்கள் தம்பியும் நானும் பிரிந்த பிறகு உங்களுக்கு எழுதலாமா கூடாதா என்று ரொம்ப யோசித்தேன். தம்பி உறவு அறுந்தால் அக்கா உறவும் சேர்ந்து அறுந்துவிடுமா என்று தெரியவில்லை. தெரியாத தைரியத்தில் எழுதுகிறேன்.

விஷயம் கார். பெரியவர்கள் உட்கார்ந்து பேசியதில் எனக்குக் கிடைத்தது மகளும் அந்தப் பழைய வெள்ளைக் காரும். காருக்கு ஏதாவது வந்தால் அவர் பட்டறையில் கூலி வாங்காமல் பார்த்துத் தர வேண்டும், பொருளுக்கு மட்டும் நான் கொடுக்க வேண்டும் என்று பேச்சு. இப்போது வேகத்தடையில் ஏறி இறங்கினால் முன்பக்கம் டக் டக் என்கிறது. பிரேக் போட்டால் வண்டி லேசாக இடது பக்கம் இழுக்கிறது. கொண்டுபோய் விட்டேன். உங்கள் தம்பி ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கக்கூட இல்லை. வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டே கொட்டேஷன் சொல்ல, புதிதாக வந்திருக்கும் பெண் அதைக் கம்ப்யூட்டரில் தட்டினாள். ஷாக் அப்சார்பர் நான்கு, லோயர் ஆர்ம் இரண்டு, டிஸ்க் இரண்டு, பிரேக் பேட் முழு செட்.

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணம் ஆன நாள் முதல் பிரியும் வரை அதே மேஜையில் உட்கார்ந்து அதே கொட்டேஷன்களைத் தட்டியவள் நான். எந்த வரி நிஜம், எந்த வரி காற்றடித்து ஊதியது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? என் தலையிலேயே மிளகாய் அரைக்கப் பார்க்கிறார். எதற்கு நான்கு ஷாக் என்று கேட்டேன். நின்றவர்கள் எல்லாரும் கேட்கும்படி, "உனக்கு டைப் அடிக்கத்தான் தெரியும். வண்டியப் பத்தி என்ன தெரியும்? சொன்னதப் போடு" என்றார்.

எழுதியிருக்கும் தொகை என் மூன்று மாதச் சம்பளம். ஆனால் என் வயிறு எரிவது அதற்காக இல்லை. அதே வாசலில், அதே மாதிரி நாலு பேர் முன்னால் அவர் மூக்கை உடைக்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். நீங்கள் சத்தத்தைக் கேட்டே வியாதியைச் சொல்வீர்கள் என்று மாமா இருந்தபோது சொல்வார். இது என்ன, எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்குச் சொல்லித்தர முடியுமா?

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி கைகழுவிய, நீங்கள் கைகழுவவில்லை என்று நம்புகிற,
குருவியின் அம்மா


ஜனவரி 20

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். முழங்கால் இருக்கிறது, அதனால் வலியும் இருக்கிறது. குருவியை எதையும் கடிக்க விடாதே.

போனில் பேசாமல் எழுதினாயே, நல்லது. போன் என்றால் என் வீட்டுக்காரர் காது நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இனிமேலும் எழுத்திலேயே இருக்கட்டும்.

சொல்வதைச் செய். வண்டியைச் சமதளத்தில் நிறுத்து. முன் மட்கார்டின் மேல் இரண்டு கையையும் ஊன்றி, உடம்புப் பாரத்தோடு அழுத்தி விடு. மேலே வந்து ஒரே ஆட்டத்தில் நின்றுவிட்டால் ஷாக் நன்றாக இருக்கிறது. தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் போய்விட்டது. நான்கு மூலையிலும் பார். ஷாக்கின் மேல் எண்ணெய் வழிந்திருக்கிறதா என்றும் பார்.

பிரேக் போடும்போது ஸ்டியரிங் கையில் உதறுகிறதா? உதறினால்தான் டிஸ்க் கோணியிருக்கும். உதறாமல் ஒரு பக்கம் இழுத்தால் அது வேறு. ஒரு நல்ல ஓட்டம் ஓட்டிவிட்டு வந்து, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோ. தொட்டுவிடாதே. எது அடுப்பு மாதிரி காய்கிறது என்று எழுது. டக் டக் சத்தத்துக்கு, முன் சக்கரத்துக்குப் பின்னால் பென்சில் தடிமனில் ஒரு கம்பி நிற்கும், லிங்க் ராடு என்பார்கள். அதன் முனை ரப்பரைப் பிடித்து ஆட்டிப் பார். பெரும்பாலும் அதுதான். சின்னச் சாமான். அதை வைத்து அவன் வீடு கட்டுகிறான்.

அவன் உன்னைச் சொன்னது எனக்குப் புதிதில்லை. அப்பாவின் பட்டறையில் பாவாடை கட்டிய வயதிலேயே சர்வீஸ் குழிக்குள் இறங்கி வேலை பார்த்தவள் நான். என் தம்பித் துரை அப்போது வாசலில் நின்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருப்பார். பெண்பிள்ளை வண்டிக்கு அடியில் படுத்தால் எவன் கட்டிக்கொள்வான் என்று அப்பா காதில் ஓதி ஓதி, என்னைக் கட்டிக்கொடுத்து இவ்வளவு தூரம் அனுப்பிவிட்டுப் பட்டறையை எழுதி வாங்கிக்கொண்டான். இன்றைக்கு இந்த டெப்போவில் என் கையெழுத்து இல்லாமல் ஒரு பஸ் வெளியே போகாது. அது யார் பஸ்ஸோ, எனக்கென்ன. என் அப்பாவின் குழி அங்கே இருக்கிறது.

பார்த்துவிட்டு எழுது. யாரிடமும் சொல்லாதே.

அண்ணி


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறீர்களா? அண்ணன் நலமா?

நீங்கள் சொன்னபடி எல்லாம் செய்தேன். மட்கார்டை அழுத்தியபோது எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா, தள்ளிவிடட்டுமா என்றார். நான்கு மூலையும் ஒரே ஆட்டத்தில் நின்றன. எண்ணெய்க் கசிவு துளி இல்லை. ஸ்டியரிங் உதறவில்லை. லிங்க் ராடின் ரப்பர் கிழிந்து தொங்குகிறது, ஆட்டினால் அதே டக். சக்கரங்களில் மூன்று சாதாரணமாக இருந்தன. இடது முன் சக்கரத்தின் பக்கத்தில் கையை வைக்க முடியவில்லை. நீங்கள் எழுதிய அந்த அடுப்பு அதுதான்.

கொட்டேஷனில் உள்ள ஒரு பொருள்கூட என் வண்டிக்குத் தேவையில்லை என்று இப்போது எனக்கே தெரிகிறது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன், அண்ணி. பிரிந்த பிறகு அப்படித் தூங்கியதில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். மேஜைக்குக் கீழே ஒரு தகர டப்பா இருக்கும். தேய்ந்த பேட், கிழிந்த ரப்பர், பக்கத்தில் எண்ணெய் வழிந்த நான்கு ஷாக். வண்டியை விட்டவர் திரும்பி வந்ததும், "இதோ பாருங்க, உங்க வண்டியில இருந்து எடுத்தது" என்று அதிலிருந்துதான் எடுத்து நீட்டுவார். அதே நான்கு ஷாக் எத்தனையோ வண்டியிலிருந்து இறங்கியிருக்கின்றன. பார்க்க வருபவர்கள் பாவம், தங்கள் வண்டி இவ்வளவு கஷ்டப்பட்டதா என்று வருத்தத்தோடு பார்ப்பார்கள். தூசி படியாமல் வாராவாரம் அதைத் துடைத்து வைக்கும் வேலை என்னுடையதாக இருந்தது.

இன்னொன்று. டாக்சிச் சங்கம் தங்கள் வண்டிகள் மொத்தத்தையும் பராமரிக்கும் ஒப்பந்தத்தை ஒரே பட்டறைக்குக் கொடுக்கப் போகிறது. உங்கள் தம்பிக்குத்தான் என்று பேச்சு. அதை நம்பிப் புதிதாக லிஃப்ட் வாங்கிப் போட்டிருக்கிறார், பேனரும் அடித்துவிட்டார்.

இடது சக்கரத்துக்கு என்ன செய்ய வேண்டும்?

குருவியின் அம்மா


பிப்ரவரி 27

அன்புத் தங்கச்சிக்கு,

சௌக்கியம். டெப்போவில் வேலை முதுகை முறித்துவிட்டது, அதனால் பதில் தாமதம். குருவிக்குப் பல் முளைத்ததா?

சங்கத்துக்காரர்கள் எப்போது பட்டறையைப் பார்க்க வருகிறார்கள் என்று விசாரித்து எழுது. அன்றைக்கு உன் வண்டி அங்கே இருக்க வேண்டும். அதற்கு முன்னால் உன் நான்கு ஷாக்கிலும், லோயர் ஆர்மிலும் கண்ணில் படாத இடத்தில் ஓர் அடையாளம் வை. அவன் கொட்டேஷனை ஒத்துக்கொண்டு வேலையைக் கொடு. அவன் எதையும் மாற்றாமல், அவர்கள் முன்னால் டப்பாவைத் திறப்பான். மிச்சத்தை உன் வாய் பார்த்துக்கொள்ளும்.

இடது சக்கரத்தில் காலிப்பர் பின் இறுகிப்போயிருக்கிறது. நீ காலை எடுத்த பிறகும் பேட் சக்கரத்தை விடாமல் பிடித்திருக்கிறது. கழற்றித் துடைத்து கிரீஸ் வைத்தால் தீர்ந்தது. ஆனால் இப்போது செய்யாதே. வேறு எந்த மெக்கானிக்கிடமும் காட்டாதே. இருக்கிற கோளாறு அவன் கண்ணில் படவில்லை, இல்லாத கோளாறை எழுதினான் என்று நிரூபிக்க அது அங்கே இருக்க வேண்டும். பொறு.

அண்ணி


மார்ச் 8

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். அனைவரும் நலமா? இங்கே நலம்.

சங்கத்துக்காரர்கள் ஏப்ரல் கடைசியில் வருகிறார்களாம். அடையாளம் வைத்துவிட்டேன். பெயின்ட் தேடிப்போகவில்லை, என் சிவப்பு நகப்பூச்சுதான். வண்டிக்கு அடியில் படுத்து ஷாக்குக்குப் பொட்டு வைத்தேன். குருவி பார்த்துவிட்டு, காருக்கும் நகம் இருக்கிறதா என்று கேட்டாள்.

ஒரு சந்தேகம். இடது சக்கரத்திலிருந்து இப்போது தீய்ந்த நாற்றம் வருகிறது. குருவியின் பள்ளி மேட்டில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். காலையில் ஏறும்போது ஒன்றும் இல்லை. சாயங்காலம் அவளை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்கிறாள். பிரேக் மிதித்தால் முன்பைவிட மெத்தென்று இருக்கிறது. ஏப்ரல் கடைசி வரை இப்படியே ஓட்டலாமா? ஓட்டக் கூடாது என்றால் பஸ்ஸில் போய்க்கொள்கிறோம். உடனே ஒரு வரி எழுதுங்கள்.

குருவியின் அம்மா


மார்ச் 24

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நலம்தானே? பதில் வரவில்லை. உடம்புக்கு ஏதாவதா என்று கவலையாக இருக்கிறது.

நாற்றம் அப்படியேதான் இருக்கிறது. பக்கத்துத் தெரு மெக்கானிக் ஒருவர், நான் எதுவும் கேட்காமலேயே நின்று மோந்து பார்த்துவிட்டு, "அம்மா, இதக் காட்டிடுங்க" என்றார். நீங்கள் யாரிடமும் காட்டக் கூடாது என்று சொல்லியிருப்பதால் சரி சரி என்று வந்துவிட்டேன். உங்களைவிட அவருக்கா தெரியும்?

ஒரே ஒரு வரி.

குருவியின் அம்மா


ஏப்ரல் 3

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. என் வீட்டுக்காரருக்கு இருமல், கேட்க ஆளிருந்தால் கூடுதலாக இருமுவார். குருவியைக் கேட்டதாகச் சொல்.

நகப்பூச்சு நல்ல யோசனை. எனக்கே தோன்றவில்லை. சிவப்பு என்பதால் வெளிச்சம் பட்டதும் பளிச்சென்று தெரியும். அன்றைக்கு வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல், டார்ச் எடுத்துக்கொண்டு போ. சங்கச் செயலாளரை உன் பக்கத்தில் நிறுத்திக்கொள். அவர் முன்னாள் லாரி டிரைவர், இன்ஜினுக்கு மேல் கத்திப் பழகியவர். அவர் கேட்கிற கேள்வி தெரு முழுக்கக் கேட்கும்.

புதுப் பல் வந்ததும் சொல். வெயிலில் அலையாதே.

அண்ணி


ஏப்ரல் 11

அண்ணிக்கு,

வணக்கம்.

முந்தாநாள் சாயங்காலம் பள்ளி மேட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் பெடல் தரை வரை போய்விட்டது. மிதித்தேன், எதுவும் இல்லை. மறுபடி மிதித்தேன், எதுவும் இல்லை. கீழே நாற்சந்தி. குருவி பின் சீட்டில் தண்ணீர் பாட்டிலோடு பாடிக்கொண்டிருந்தாள்.

கியரைக் குறைத்துக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஒரு காம்பவுண்டுச் சுவரில் பக்கவாட்டில் உரசி நிறுத்தினேன். கல்யாணமான புதிதில் உங்கள் தம்பி சொல்லிக்கொடுத்தது. அவர் எனக்குச் செய்த நல்ல காரியம் ஒன்று உண்டு என்றால் அதுதான். குருவிக்குக் கீறல்கூட இல்லை. பாட்டை மட்டும் நிறுத்திவிட்டாள், இன்னும் ஆரம்பிக்கவில்லை.

வண்டியை இழுக்க ஆள் கிடைக்காமல் கடைசியில் அவருக்குத்தான் போன் செய்ய வேண்டியிருந்தது. வந்தார். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து, நிஜமாகவே முகம் வெளுத்துப்போனார். பல நாளாகப் பிடித்துப் பிடித்து டிஸ்க் நீலம் பாரித்திருக்கிறது, பிரேக் ஆயில் கொதித்துவிட்டது என்றார். கொட்டேஷனில் இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். கையை வைத்துப் பார்க்கவில்லை என்று ஒத்துக்கொண்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே ஒன்று சொன்னார்.

"எங்கக்காவா இருந்தா, அன்னிக்கே சாவியப் பிடுங்கி வச்சிருப்பா. இது இப்படித்தான் முடியும்னு அவளுக்குத் தெரியும்."

உங்களிடம் கேட்கிறேன். உங்களுக்குத் தெரியுமா?

குருவியின் அம்மா


ஏப்ரல் 15

அன்பும் பாசமும் நிறைந்த என் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கண்டதிலிருந்து கை கால் ஓடவில்லை. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும். டாக்டரிடம் காட்டினாயா? பயத்துக்கு ஏதாவது கொடுக்கச் சொல்.

சத்தியமாகச் சொல்கிறேன், பேட் தேயும், சத்தம் போடும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். நாற்றம் வருகிறது என்று நீ எனக்கு எழுதவே இல்லை. மார்ச்சில் நீ எழுதியது எதுவும் என் கைக்கு வரவில்லை. இந்தத் தபால்காரன் இருக்கிறானே, அவனைச் சொல்ல வேண்டும். வந்திருந்தால் அந்த நிமிடமே வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டேனா?

ஆனாலும் மனசைத் தளரவிடாதே. இப்போதுதான் அவன் வசமாக மாட்டியிருக்கிறான். அவன் பார்க்காமல் விட்ட பிரேக், ரோட்டில் போய்விட்டது. சங்கத்துக்காரர்கள் வரும் நாளில் இதையும் சேர்த்துச் சொல். பின்வாங்கிவிடாதே.

என்றும் உன் அண்ணி


மே 6

அண்ணிக்கு,

வணக்கம். நாங்கள் நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று இன்று உண்மையாகவே விரும்புகிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் பின்வாங்கவில்லை. முகம் வெளுத்த உங்கள் தம்பி மறுநாளே பழைய நிறத்துக்கு வந்துவிட்டார். காலிப்பரைச் சரிசெய்த கையோடு, மற்றதையும் மாற்றிவிடலாம், குழந்தையை ஏற்றுகிற வண்டி பார் என்றார். குழந்தையைச் சொல்லி ஷாக் விற்றார், அண்ணி. கொட்டேஷனில் உள்ளபடியே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சங்கத்துக்காரர்கள் வந்த அன்று வாசல் நிறைய டிரைவர்கள். உங்கள் தம்பி எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டு, தன் நேர்மையைக் காட்ட என் வண்டியையே உதாரணமாக எடுத்துக்கொண்டார். "இதோ, இந்தம்மா வண்டியில இருந்து எடுத்தது" என்று நான்கு ஷாக்கையும் மேஜை மேல் வைத்தார். பழைய நண்பர்களைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொன்னேன். செயலாளர் கையில் டார்ச்சைக் கொடுத்தேன். நான்கு சக்கரத்துக்கும் பின்னால் என் சிவப்புப் பொட்டு பளபளவென்று இருந்தது. செயலாளர் இது என்னவென்று கேட்டது தெரு முழுக்கக் கேட்டது, நீங்கள் சொன்ன மாதிரியே. உங்கள் தம்பி லிஃப்டை இறக்கப் போனார். வண்டியைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று அவரையே சொல்லச் சொன்னேன். டிரைவர்கள் சிரித்த சிரிப்பை இன்னும் நான் மனசில் போட்டு ருசித்துக்கொண்டிருக்கிறேன். ஜனவரியிலிருந்து கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது.

பிறகு செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க நாத்தனார் சொன்னது அப்படியே நடந்துடுச்சும்மா" என்றார். நீங்கள் வாராவாரம் அவருக்குப் போன் செய்ததைச் சொன்னார். தம்பி பட்டறையின் பேர் சீக்கிரம் கெட்டுவிடும், நான் வந்து எடுத்து நடத்துகிறேன், ஒப்பந்தத்தை அதுவரை நிறுத்தி வையுங்கள் என்றீர்களாம். எப்படி அவ்வளவு நிச்சயம் என்று அவர் கேட்டதற்கு, "அவன் பாத்து அனுப்பின வண்டி ஒண்ணு ரோட்டுல நிக்கும், பாருங்க" என்று சொன்னீர்களாம். அது மார்ச் மாதம். நான் ஒரு வரி, ஒரே வரி என்று உங்களிடம் கெஞ்சிக்கொண்டிருந்த அதே மார்ச்.

தபால்காரரைத் திட்டாதீர்கள். நகப்பூச்சைப் புகழ்ந்து எழுதினீர்களே, அதே தாளில் அதற்கு நேர் கீழேதான் தீய்ந்த நாற்றம் இருந்தது. ஒன்றைப் படித்த கண் இன்னொன்றையும் படித்திருக்கும். உங்கள் தம்பி பார்க்காமல் விட்டார். நீங்கள் பார்த்துவிட்டு விட்டீர்கள். என் மகள் அந்த வண்டியின் பின் சீட்டில் இருந்தாள். உங்களை நான் மன்னிக்கப் போவதில்லை. அதற்காக முயற்சிகூடச் செய்யவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கொட்டேஷன் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று சங்கம் எனக்கு வேலை கொடுத்திருக்கிறது. எந்தப் பட்டறை, என்ன நிபந்தனை என்பதை என்னிடம் விட்டிருக்கிறார்கள். உங்கள் அப்பாவின் பட்டறைக்கே கொடுக்கச் சொல்லிவிட்டேன். நிபந்தனை ஒன்றுதான். ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு கையெழுத்து. வேலை பார்த்தவர் தம்பி, சோதித்தவர் அக்கா. ஒருவர் போடாவிட்டால் இருவருக்கும் ஒன்றும் கிடையாது. லிஃப்ட் வாங்கிய கடனில் அவர் கழுத்து வரை மூழ்கியிருக்கிறார், அதனால் ஒத்துக்கொண்டுவிட்டார். நீங்கள் டெப்போவில் ராஜினாமாவை ஏப்ரலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள் என்று செயலாளர் சொன்னார். அந்தக் குழி உங்களுக்காகக் காத்திருக்கிறது. வந்து இறங்குங்கள்.

குருவியின் அம்மா


அக்டோபர் 14

அன்புத் தங்கச்சிக்கு,

சௌக்கியமா? குருவி சௌக்கியமா? பட்டறைக்கும் உன் வீட்டுக்கும் நடுவில் நாலு தெரு. நாலு தெருவுக்கு ஸ்டாம்ப் ஒட்டுகிறேன். கதவைத் தட்டினால் நீ திறப்பதில்லை, ஆபீசில் பார்த்தால் கொட்டேஷனுக்குள் முகத்தை வைத்துக்கொள்கிறாய். வேறு என்ன செய்வது?

என்னால் முடியவில்லை. நான் பார்த்து முடித்த சக்கரத்தை அவன் எனக்குத் தெரியாமல் மறுபடி கழற்றிப் பார்க்கிறான், எதிலாவது என்னை மாட்டிவிடலாமா என்று. நானும் சும்மா இருப்பேனா, அவன் முறுக்கிய ஒவ்வொரு நட்டையும் ஸ்பேனர் வைத்துப் பார்க்கிறேன். அந்தத் தகர டப்பாவை அவன் எடுத்து வெளியே எறிந்துவிட்டான், நான் போட்டுக்கொடுத்துவிடுவேன் என்ற பயத்தில். ஒரே அறையில் சாப்பிடுகிறோம், சுவரைப் பார்த்தபடி. பேச வேண்டியதை வண்டியின் கண்ணாடியில் சாக்பீசால் எழுதுகிறோம். வீட்டுக்காரர் இங்கே வர மாட்டேன் என்கிறார், இருமலுக்கு அந்த ஊர்தான் ஒத்துக்கொள்கிறதாம்.

டிரைவர்கள் வந்து, இந்த மாதிரி பிரேக் ஜென்மத்தில் மிதித்ததில்லை என்கிறார்கள். என்ன பிரயோஜனம்? நான் செய்தது தப்புதான். காலைப் பிடித்துக் கேட்கிறேன். நவம்பரில் ஒப்பந்தம் முடிகிறது. அடுத்ததில் ஒரு கையெழுத்து போதும் என்று எழுதிவிடு. என்னுடையதோ அவனுடையதோ, யாருடையதாக இருந்தாலும் சரி. ஒருவரை விட்டுவிடு.

அண்ணி


அக்டோபர் 20

அண்ணிக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம். குருவி மறுபடி பாட ஆரம்பித்திருக்கிறாள், டாக்சியில் ஏறினால் மட்டும் பாடுவதில்லை. உங்கள் பட்டறை பார்த்த வண்டி என்று டிரைவர் சொன்னாலும் கதவுப் பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் வருகிறாள்.

உங்கள் கடிதத்தைச் சங்கத்தில் வைத்துப் பேசினேன். இத்தனை மாதத்தில் ஒரு வண்டிகூடக் கோளாறு என்று திரும்பி வரவில்லை என்பதால், ஒப்பந்தத்தை ஐந்து வருடத்துக்கு நீட்டித்திருக்கிறார்கள். நிபந்தனையில் மாற்றம் இல்லை. தாள்கள் உள்ளே இருக்கின்றன, நீங்களும் உங்கள் தம்பியும் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

முழங்காலுக்கு நல்ல டாக்டரிடம் காட்டுங்கள். உங்கள் தம்பியையும் டீயைக் குறைக்கச் சொல்லுங்கள். இரண்டு பேரும் உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் நீண்ட நாள் வாழ வேண்டும்.

குருவியின் அம்மா